செல்ஃப் அடிக்குது, எடுக்க மாட்டேங்குது

கோயம்புத்தூர் துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வேப்பமரத்தடியில் தகரக் கூரை போட்ட ஒரு ஒர்க்‌ஷாப். ஊட்டிக்கு ஏறும் கார்களும் ஊட்டியிலிருந்து இறங்கும் கார்களும் அந்தச் சாலையில்தான் அதிகம். கல்லாறு தாண்டி மேட்டில் நின்றுபோனவை, பர்லியாறு பக்கம் பிக்அப் விட்டவை, சிக்னலில் அணைந்து மறுபடி எடுக்காதவை என்று கயிறு கட்டி இழுத்து வரப்படும் வண்டிகள் அங்கே எப்போதும் உண்டு. எனக்குப் பக்கத்துத் தெரு. மாலை நேரங்களில் அந்தக் கொட்டகையின் மர பெஞ்சில் உட்கார்ந்திருப்பது பழகிவிட்டது. நடுவில் பேசுவது கிடையாது. வருகிறவர்கள் என்னையும் வண்டிக்காகக் காத்திருக்கும் இன்னொரு ஆள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

வந்தவுடன் பலரும் சொல்வது இதைத்தான்: “செல்ஃப் அடிக்குதுங்ணா, எடுக்க மாட்டேங்குது.” சிலர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். சிலர் சற்று இடைவெளி விட்டு, குரலைத் தாழ்த்தி, “போன தடவையும் இதேதாங்க. பம்ப் மாத்துனோம்” என்பார்கள். என் கவனம் இந்த இரண்டாவது வகை ஆட்கள் மேல்தான். முதல் தடவை வண்டி நின்றவருக்கு எரிச்சல் இருக்கும், அவசரம் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது தடவை நின்றவருக்கு வண்டி மேலிருந்த நம்பிக்கையே போயிருக்கும். பெரிய லாரிக்குப் பக்கத்தில் போகும்போது நின்றுவிடுமோ என்று நினைத்து நினைத்து ஓட்டி வந்த களைப்பு அந்த முகத்தில் தெரியும்.

மாஸ்டருக்கு அறுபதை ஒட்டிய வயது. ஸ்கேனர், மீட்டர், பிரஷர் கேஜ் எல்லாம் கொட்டகையில் உண்டு. ஆனால் அவர் முதலில் நம்புவது காதைத்தான். எல்லோரையும் பேச்சை நிறுத்தச் சொல்வார். டீக்கடைப் பாட்டையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்புவார். பின்சீட்டில் மண்டியிட்டு, காதை சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்வார். உதவிக்கு இருக்கும் பையன் சாவியை ஒரு திருப்பு மட்டும் திருப்புவான். ஸ்டார்ட் பண்ண மாட்டான். வண்டி நல்ல வண்டியாக இருந்தால் சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கும். இரண்டு மூன்று விநாடி. பிறகு நின்றுவிடும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் பம்ப், குழாயில் அழுத்தம் ஏற்றிவைக்கும் சத்தம் அது. அதைக் காது கொடுத்துக் கேட்காமலே பல வருஷம் கார் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். பம்ப் ஒருமுறை போய்விட்டால் அதற்குப் பிறகு அவர்களும் சாவியைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் வருகிறதா என்று காத்திருக்கிறார்கள்.

சத்தம் வரவில்லை என்றால் பெரும்பாலான இடங்களில் தீர்ப்பு உடனே வந்துவிடும். பம்ப் போச்சு, அசெம்பிளியே மாத்திடலாம். பழையதைக் கழற்றி ஓரமாகப் போட்டுப் புதியதை மாட்டுவார்கள். வண்டி எடுக்கும். பணம் கைமாறும். ஏன் போச்சு என்ற கேள்வியை வேலை செய்தவரும் கேட்பதில்லை, காசு கொடுத்தவருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. மூன்று நாலு மாதத்தில் அதே வண்டி, அதே வாக்கியம்.

ஒரு நாள் கணவனும் மனைவியுமாக ஒரு வயதான ஜோடி வந்தார்கள். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது பேச்சில் தெரிந்தது. அந்த அம்மாவுக்குக் கண்ணில் சிகிச்சை. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். கார் இரண்டு தடவை வழியில் நின்று, இரண்டு தடவை பம்ப் மாற்றியாகிவிட்டது. இப்போது மூன்றாவது. பெரியவர் பிளாஸ்டிக் உறையில் பில்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். மாஸ்டர் பில்லைப் பார்க்கவில்லை.

“எப்பங்கய்யா நிக்குது? காலைலயா, ஓடிட்டு இருக்கறப்பயா?”

“சூடு ஏறுனதுக்கப்புறந்தாங்க. ஒரு அரை மணி நேரம் நல்லா வரும். அப்பறம் அணைஞ்சிரும். ஆற வெச்சா மறுபடி எடுக்கும்.”

“பம்ப் மாத்துனா எத்தனை நாள் நல்லா ஓடுது?”

“மூணு மாசம், நாலு மாசம்.”

மாஸ்டர் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வந்து, பின்சீட்டைத் தூக்கி, தரையில் இருந்த வட்ட மூடியைத் திறந்தார். பெட்ரோல் வாசம் கொட்டகை முழுக்கப் பரவியது. பெஞ்சுக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்கப் போன ஒருவரைப் பையன் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனான். பம்புக்குப் போகும் கப்ளரைக் கழற்றினார் மாஸ்டர். மீட்டரின் இரண்டு ஊசிகளையும் அதில் வைத்துவிட்டு, பையனிடம் பேட்டரியைச் சேர்க்கச் சொன்னார். சாவி திரும்பியதும் மீட்டரில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேலே காட்டியது. எட்டிப் பார்த்த பெரியவர், “கரண்டு சரியாத்தான இருக்குதுங்க?” என்றார்.

“சும்மா இருக்கறப்ப எல்லாமே சரியாத்தாங்கய்யா காட்டும். வேலை வாங்கிப் பாக்கணும்.”

கப்ளரைத் திரும்ப மாட்டினார். அதன் பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் மெல்லிய ஊசி ஒன்றைச் செருகி, பம்ப் ஓடும்போதே அளந்தார். மீட்டர் பத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. மறுபடி கப்ளரைக் கழற்றி, டார்ச் அடித்து, பெரியவரையும் அந்த அம்மாவையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். நான்கு பின்களில் மூன்று வெள்ளி மாதிரி மின்னின. ஒன்று மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் உருகி மஞ்சளாகி, ஓர் ஓரத்தில் கருகியிருந்தது. அரிசி அளவுகூட இல்லாத இடம்.

“இங்கதாங்கய்யா கரண்டு தடையாகுது. சூடேற ஏற இன்னும் தடையாகும். பம்புக்குப் பலம் பத்தாது, பிரஷர் விழுந்திரும், இன்ஜின் நின்னுரும். ஆறுனா மறுபடி ஒட்டிக்கும். நீங்க பம்ப் மாத்துனப்பெல்லாம் இந்தக் கப்ளரைக் கழட்டி மாட்டியிருப்பாங்க. அந்த உரசல்ல கொஞ்ச நாளைக்கு நல்லா இருந்திருக்கும். பம்ப் மாத்துனதால சரியாச்சுன்னு எல்லாரும் நெனச்சுட்டீங்க.”

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டிக்கியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து வந்தார். கடைசியாக மாற்றியபோது கேட்டு வாங்கி வைத்திருந்த பழைய பம்ப். மாஸ்டர் அதை வாங்கி, கொட்டகையை விட்டுத் தள்ளி வேப்பமரத்துக்கு அப்பால் கொண்டு போனார். ஒரு கேனில் பெட்ரோல் ஊற்றி அதை மூழ்க வைத்து, கேஜைச் சேர்த்து, நீளமான வயர் இழுத்துத் தள்ளியிருந்த பேட்டரியில் தொடுத்தார். அந்த ரீங்காரம் தெளிவாகக் கேட்டது. கேஜின் முள் மூன்றரையைத் தொட்டு அசையாமல் நின்றது. பழுதில்லாத பம்ப். அதற்கு முன் மாற்றியது என்ன ஆனதோ, யார் எடைக்குப் போட்டார்களோ.

அந்த அம்மா பில் உறையைப் பெரியவர் கையிலிருந்து வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். “இத யாராச்சும் மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க” என்றார். இதை அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பென்ஷன் பணத்தில் பதினாறாயிரத்துச் சொச்சம் போயிருந்தது. புதுக் கப்ளருக்கும் வயருக்கும் வேலைக்குமாக மாஸ்டர் வாங்கியது அறுநூறு ரூபாய்.

காசு போனதுகூட ஒரு பக்கம். காரணம் சொல்லாமல் காசு வாங்குவதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு பொருள் பழுதானால் அதை மாற்றுவது பாதி வேலை. ஏன் பழுதானது என்று பார்ப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைச் செய்யாமல் முழு வேலைக்கும் பில் போடுவது பழக்கமாகிவிட்டது. பெரிய ஷோரூமிலும் இது நடக்கிறது, தெருமுனைக் கடையிலும் நடக்கிறது. மீட்டரை வைத்துப் பார்க்கப் பத்து நிமிஷம் ஆகும். பார்ட்ஸ் விற்றால் லாபம் உண்டு. அந்தப் பத்து நிமிஷத்துக்கு பில்லில் இடம் கிடையாது.

அன்னூர் பக்கத்திலிருந்து ஒரு டாக்சித் தம்பி வருவான். முப்பது வயதுக்குள்தான். அவனுக்கு இது மூன்றாவது பம்ப். அவன் வண்டியில் கப்ளர் சுத்தமாக இருந்தது, வோல்ட் சரியாக இருந்தது. பம்பைத்தான் கழற்ற வேண்டியிருந்தது. வெளியே எடுத்ததும் அதன் அடியில் இருந்த வலைப் பையை மாஸ்டர் விரலால் தடவினார். உள்ளே வரும் பெட்ரோலை வடிகட்டும் அந்தப் பை வெள்ளையாக இருக்க வேண்டியது. டீத்தூள் வடிகட்டிய துணி நிறத்தில் இருந்தது. விரலில் மணல் மாதிரி நெறுநெறுவென்று ஒட்டியது. பம்பின் உடம்பில் கம்பெனி முத்திரை இருந்தும் எழுத்து மங்கலாக, கோணலாக அடித்திருந்தது.

“டூப்ளிகேட்டுங்களாண்ணா?”

“டூப்ளிகேட்டுத்தான் தம்பி. ஆனா ஒரிஜினல் போட்டிருந்தாலும் உங்கிட்ட நிக்காது. ரிசர்வ் லைட்டு எப்பவாச்சும் அணையுமா உன் வண்டில?”

அவன் சிரிக்க முயன்றான்.

“வீட்டுல போர் இருக்குதல்லோ? தண்ணி இறங்கிப் போனதுக்கப்பறம் மோட்டாரை ஓட விடுவியா? மோட்டாரைச் சுத்தித் தண்ணி இருந்தாத்தான் அது சூடாகாது. இதும் அப்படித்தான். பெட்ரோல்தான் இந்தப் பம்புக்குக் குளுமை. நீ எந்நேரமும் அடில கெடக்கறதை உறிய விட்டா, பம்பும் காயும், டேங்க் அடில கெடக்கற அழுக்கும் இதுக்குள்ள வரும்.”

கோயம்புத்தூர்க்காரனுக்கு இதைவிட விளக்கமாகச் சொல்ல முடியாது. ஊரே மோட்டார் பம்ப் செய்து பிழைத்த ஊர். ஆயிரம் அடி போர் போட்டுவிட்டு, ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்தே தண்ணீர் நின்றதைக் கண்டுபிடிக்கும் ஜனங்கள். தம்பிக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் அவன் சொன்ன பதில் இன்னமும் என் காதில் இருக்கிறது.

“புரியுதுங்ணா. ஆனா காலைல கையில இருக்கற ஐநூறுக்குத்தான் போட முடியும். அது ஓடி வந்தாத்தான் மறுபடி ஐநூறு.”

மாஸ்டரும் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள் என்று மேனுவலில் அச்சடிப்பதும், என் மாதிரி ஆட்கள் எழுதுவதும் சுலபம். மாதச் சம்பளம் வாங்குகிறவன் அதைக் கடைப்பிடித்துவிடலாம். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் பெட்ரோல் போடுகிறவன் கால் டேங்க் பெட்ரோலை முதலீடாக முடக்கி வைக்க வேண்டும். அதற்கு வழியில்லாதவனிடம் கவனக்குறைவு என்று குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவன் வண்டி நின்றால் அன்றைய சவாரி போய்விடும். செயலியில் ரத்துக் கணக்கு ஏறும். மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். மாஸ்டர் டேங்கை இறக்கிக் கழுவி, ஒரிஜினல் பம்ப் போட்டு, பாதிப் பணத்தை வாரா வாரம் கொடு என்றார். “ஐநூறை ஆயிரமா ஒரே ஒரு தடவை போட்டுரு. அப்பறம் தினம் ஐநூறே போடு. முள்ளு மேலயே நிக்கும்” என்றார். அந்த ஒரு தடவைக்கான ஐநூறு ரூபாயையும் தன் சட்டைப் பையிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் காலத்து அம்பாசடர், ஃபியட் கதைகளைச் சொல்லப் பெரியவர்கள் சிலர் உண்டு. பம்ப் அப்போது இன்ஜினோடு ஒட்டி வெளியே இருந்தது. டயாப்ரம் கிழிந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம். மலை ஏறும்போது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டால் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி, கொஞ்சம் நிழலில் நிறுத்தி, மறுபடி கிளப்புவார்கள். கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இருந்ததால் ஓட்டுகிறவனுக்கே கொஞ்சம் வைத்தியம் தெரிந்திருந்தது. 2000-ஐ ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி, கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தபோது, அதிக அழுத்தம் தரும் மின்சாரப் பம்ப் டேங்குக்குள்ளே போய்விட்டது. புகை குறைந்தது, ஓட்டம் சீரானது. அது நல்லதுக்குத்தான். ஆனால் உரிமையாளரின் கண்ணிலிருந்தும் கையிலிருந்தும் பம்ப் மறைந்தது. இன்று அது போனால் போனதுதான். அடுத்தவர் சொல்வதை நம்புவது தவிர வழியில்லை.

கொட்டகையின் மூலையில் ஒரு டீசல் எஸ்யூவி வெகுநாளாக நின்றுகொண்டிருக்கிறது. அதன் உயர் அழுத்தப் பம்ப் உள்ளுக்குள்ளேயே தேய்ந்து, இரும்புத் துகள்களை இன்ஜெக்டர் வரைக்கும் அனுப்பிவிட்டது. பம்ப், இன்ஜெக்டர், குழாய், டேங்க் என்று எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். செலவு லட்சத்தைத் தாண்டும். உரிமையாளர் அவ்வப்போது வந்து அதைச் சுற்றி நடந்துவிட்டுப் போகிறார். அமெரிக்காவில் இதே மாதிரி டீசல் பம்ப் சேதம் வழக்காகப் போய், ஜெனரல் மோட்டார்ஸ் 5 கோடி டாலர் சமரசத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. விலை உயர்ந்த பெட்ரோல் கார்களும் தப்பவில்லை. 2010-இல் பிஎம்டபிள்யூ அங்கே சுமார் 1,30,000 டர்போ கார்களை உயர் அழுத்தப் பம்புக்காகத் திரும்ப அழைத்தது. அங்கே உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போடுகிறார்கள். இங்கே அவரவர் தனித்தனியாகக் கயிறு கட்டி இழுத்து வருகிறார்கள்.

இனிச் சொல்லப் போவதுதான் என்னை இதை எழுத வைத்தது.

மழைக்கால மாலை ஒன்றில் ஓர் இளம்பெண் வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், சீருடையோடு வந்திருந்தாள். ஷிஃப்ட் முடித்து வரும்போது கவுண்டம்பாளையம் பாலத்தின் மேல் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் வந்த பஸ் கடைசி நொடியில் திருப்பி ஒதுங்கியதாம். அதைச் சொல்லும்போது கை நடுங்கியது. செகண்ட் ஹேண்ட் கார். வாங்கி இரண்டு வருஷம். பம்ப் ஏற்கெனவே ஒருமுறை தன் செலவில் மாற்றியிருக்கிறாள். மாஸ்டர் வண்டியைத் தொடவே இல்லை. ஆர்.சி.யை வாங்கித் தயாரிப்பு வருஷத்தைப் பார்த்தார்.

“அம்மணி, சேஸிஸ் நம்பரக் கம்பெனி வெப்சைட்டுல போட்டுப் பாத்தீங்ளா?”

“எதுக்குங்கண்ணா?”

“போட்டுத்தான் பாருங்க.”

போனில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். திரை சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வந்த வரிகளைப் படித்துவிட்டு மாஸ்டரிடம் போனை நீட்டினாள். அந்த வண்டி ரீகாலில் இருந்தது. பம்பை இலவசமாக மாற்றித் தருவதாகக் கம்பெனி அறிவித்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. அவளுக்குக் கடிதம் வரவில்லை, போன் வரவில்லை. விற்றவரும் சொல்லவில்லை; அவருக்கு வந்ததோ இல்லையோ.

இந்த ரீகால் விவகாரம் எவ்வளவு பெரியது என்று நம் ஊரில் பலருக்குத் தெரியாது. 2020 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 7 லட்சம் கார்களை பம்புக்காகத் திரும்ப அழைத்தது. பம்புக்குள் சுழலும் சிறிய பிளாஸ்டிக் சக்கரத்தில் குறை. அடர்த்தி குறைந்த பிளாஸ்டிக்கில் நுண்ணிய வெடிப்பு விட்டு, பெட்ரோலை உறிஞ்சி உப்பி, சுற்றியுள்ள கூட்டில் உரசும், பம்ப் நிற்கும், ஓடும் வண்டி அணையும். அந்த எண்ணிக்கை அதே வருஷத்தில் பல மடங்கு ஏறியது. இந்தியாவில் 2020 ஜூனில் ஹோண்டா 65,651 கார்களையும், அடுத்த மாதமே மாருதி சுசுகி வேகன்ஆர், பலேனோ இரண்டிலுமாக 1,34,885 கார்களையும் பம்புக்காக அழைத்தன. 2024 மார்ச்சில் மாருதி மறுபடி 16,041 கார்கள். 2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 கார்கள். அவற்றோடு சேர்த்து அழைத்த இன்னும் 2,204 கார்கள் தனி ரகம். பழைய மாடல்கள், ஏற்கெனவே பம்ப் போய், உதிரிப் பாகமாகப் புதிய பம்ப் போட்டுக்கொண்டவை. பழுதுக்கு மாற்றாகப் போட்ட பம்பையே திரும்ப மாற்ற வேண்டிவந்தது. ‘புதுசாப் போட்டும் போச்சுங்க’ என்று பெஞ்சில் உட்கார்ந்து புலம்புகிறவர்களை இனி யாரும் சந்தேகமாகப் பார்க்க வேண்டியதில்லை.

திரும்ப அழைத்ததற்காகக் கம்பெனிகளை நான் குறை சொல்ல மாட்டேன். குறையை ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றித் தருவது சரியான காரியம். 2021 ஏப்ரல் 1 முதல் அரசே கட்டாய ரீகாலுக்கு உத்தரவிடலாம், 1 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம் என்ற விதியும் வந்திருக்கிறது. உரிமையாளர்கள் நேரடியாகப் புகார் பதியவும் இடம் உண்டு. குறை எங்கே என்றால், அந்தச் செய்தி இன்று வண்டியை ஓட்டுகிறவரைப் போய்ச் சேர்வதில்லை. கம்பெனியிடம் இருப்பது முதலில் வாங்கியவரின் முகவரி. ஆர்.டி.ஓ.விடம் இருப்பது இன்றைய உரிமையாளரின் முகவரி. இன்ஷூரன்ஸ் முடியப் போகிறது என்றால் அந்த நர்ஸுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் போன் வருகிறதாம். பாலத்தின் மேல் வண்டி அணையக்கூடும் என்ற செய்திக்கு மட்டும் அவள் நம்பர் கிடைக்கவில்லை. இதை நான் ஏற்க மாட்டேன். வாகனப் பதிவு விவரம் முழுக்கக் கணினியில் இருக்கும் நாட்டில் இது முடியாத காரியமில்லை; செய்ய வேண்டும் என்ற எண்ணம்தான் வரவில்லை.

அவள் தன் செலவில் மாற்றிய பம்புக்கு பில் இருந்திருந்தால் அதையும் வைத்துப் பேசிப் பார்த்திருக்கலாம். பில் இல்லை. “பில்லு வேண்டாம்னா ஐநூறு கொறைச்சுக்கறேன்னாங்க” என்றாள். மாஸ்டர் அவளிடம் ஒரு பைசாவும் வாங்காமல், வண்டியை ஓட்டாமல் இழுவை வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவைத்தார்.

பெஞ்சில் எத்தனால் சண்டையும் அடிக்கடி நடக்கும். எந்தப் பம்ப் போனாலும் யாராவது ஒருவர், “எல்லாம் இந்த இ20-ஆலதாங்க” என்று ஆரம்பிப்பார். 2023 பிப்ரவரியில் தொடங்கிய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இப்போது பங்க்குகளில் அதுதான் பெட்ரோல் என்ற நிலைக்கு வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் அதற்கு ஏற்ற பாகங்களோடு வருகின்றன. அதற்கு முந்தைய சில வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று அரசு விளக்கமே சொல்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் அதிகம் சேர்ந்தால் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிவதும் அடியிலிருந்துதான். ஆகவே பயம் முழுக்க ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். மாஸ்டர் இந்தச் சண்டையில் கலந்துகொள்வதில்லை. சந்தேகம் வந்தால் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து ஜன்னலில் வைத்துவிடுவார். அடியில் தனியாக ஒரு படலம் பிரிந்தால் காட்டுவார். பிரியவில்லை என்றால், “இதுல குத்தமில்லீங்க. வேற பாக்கலாம்” என்பார். பழியை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு ஆதாரம் தேடுகிற வேலை அவரிடம் கிடையாது.

அவரும் தோற்கிற நாள் உண்டு. எல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடாமல், “இன்னைக்கு எனக்குத் தெரியலீங்க. ரெண்டு நாள் வண்டி இருக்கட்டும்” என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னவரிடம் கோபப்பட்டுப் போன ஆளை நான் பார்த்ததில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதும் அவர்கள் தோள் தளர்ந்து, ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நீங்கள் பழைய கார் வாங்கியவராக இருந்தால் இன்றைக்கே ஆர்.சி.யை எடுத்து, அதிலுள்ள சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். இணையம் பழக்கமில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து அந்த எண்ணைப் படித்துச் சொல்லிக் கேளுங்கள். பம்ப் மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும், பம்ப் ஓடும்போது எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐநூறு குறைகிறது என்று பில்லை விடாதீர்கள். உங்கள் காரை யாருக்காவது விற்றிருக்கிறீர்களா? கம்பெனியிலிருந்து அந்த வண்டியைப் பற்றி உங்கள் பெயருக்கு வரும் கடிதத்தைக் கிழித்துப் போடாமல், வாங்கியவருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.